கோழி அடைப்புக்கு ஏற்ற தரை

அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை 1920களில் நடத்திவந்த ஸ்பென்சர் ஹாட்ச், வெள்ளை லெகார்ன் இனக் கோழிகளைப் பரப்பியதோடு, முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்கவும் குடியானவர்களைப் பழக்கினார். அவ்விதம் விற்குமிடத்தில், ஓர் அங்கத்தினர் கொணரும் சேறு படிந்த முட்டை எல்லோருடைய விலையையும் குறைத்துவிடும். கழுவினால் சேறு நீங்கும். ஆனால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சும் உடன் நீங்கி, முட்டை விரைவில் கெடும். ஆகவே சுத்தமான முட்டை வேண்டுவோர் முதலில் தரையைக் கவனித்தல் வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறுவது. ஆனி முதல் கார்த்திகை வரை வெறுந்தரை நன்கு உலர்வது அரிது. ஈரமும் வெப்பமும் கூடிய மண்ணில், எச்சத்தோடு விழும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமிகள் இரண்டொரு நாளிலேயே தொற்றும் பக்குவம் அடைகின்றன. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளே இதனால் பெரிதும் மடிகின்றன.

எந்தப் புல் நல்லது என்பதே பலரும் முதலில் கேட்பது. அறுகு நல்லது, மேலே கிளறுண்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆயினும் அதற்கு வெயிலும் ஓய்வும் வேண்டும். அடர்ந்த தென்னை நிழலில் அது மெலிந்துபோகும். பத்துக் கோழிகளைச் சிற்றடைப்பில் ஓயாது விட்டுவைத்தால் எப்புல்லும் நில்லாது. இடமுள்ளோர் அடைப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கோழிகள் மேய, மற்றதில் புல் தேற விடுதல் வேண்டும். புல்லை உயர வளரவிடலாகாது. முற்றிய நீண்ட தாள்கள் தீனிப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும், பாம்பும் பதுங்கும்.

இடமில்லாதோர் புல்லை மறந்துவிடுவதே மேல். தரையை அரையடி உயர்த்தி, நீர் வடிய வாய்க்கால் அமைத்து, உமி, நறுக்கிய வைக்கோல், உலர்ந்த சருகு இவற்றுள் கிடைப்பதை நான்கு விரற்கடை கனத்திற்குக் குறையாமல் பரப்பலாம். நெல் விளையும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதியினர்க்கு உமியும் வைக்கோலும் எளிது. தேங்காய் நார்த் தூள் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாதலால் கூரையின் கீழ் மட்டுமே தகும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை எவ்வளவு மலிவாயினும் இடலாகாது. அது கோழியின் நுரையீரலைக் கெடுக்கும். பரப்பை அடிக்கடி கிளறி, தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நனைந்து கட்டியானதை உடனே அகற்ற வேண்டும்.

வேலியோரம் முருங்கையும் அகத்தியும் நிழலுக்கும் பசுந்தீனிக்கும் உதவும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலிந்த மரச்சீனியை அடைப்புக்குள் நடுதல் தகாது. அதன் பச்சை இலையில் நஞ்சு உண்டு. அரளி, குன்றிமணி, ஆமணக்கு ஆகியவற்றையும் களைந்துவிட வேண்டும்.

புதுக் குஞ்சுகளை விடுமுன் பழைய பரப்பு முழுவதையும் வாரி, தரையை வெயிலில் காயவிட வேண்டும். வாரியதை மழை படாத இடத்தில் குவித்து நன்கு மக்கிய பின்னரே வாழைக்கும் தென்னைக்கும் இடலாம். பச்சையாக இட்டால் இளவேர் கருகும்.