ஃபயர்வால் படுத்துக்கிச்சா? பேக்கப் ஃபைல் எங்கே, அதை முதல்ல சொல்லு!

ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கிற பொறுப்பு உன் தலையில விழுந்திருக்கு, இல்லையா தங்கச்சி? பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் பெட்டி மூலையில சத்தமில்லாம ஓடிட்டிருக்கிற வரைக்கும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் டிஸ்க் எழுந்திருக்காது. பில்லிங் நிற்கும், விபிஎன் நிற்கும், எல்லாரும் உன் முகத்தைப் பார்ப்பாங்க. ரூல் எல்லாத்தையும் அப்போ ஞாபகத்துல இருந்து எழுத முடியாது. இப்பவே கேட்டுக்கோ.

1. 'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவுல 'பேக்கப் அண்ட் ரெஸ்டோர்' போ. ரூல், நாட், விபிஎன், டிஹெச்சிபில கட்டிப்போட்ட ஐபி எல்லாமே ஒரே எக்ஸ்எம்எல் ஃபைல்தான். ஏரியா 'ஆல்'லயே இருக்கட்டும். 'ஸ்கிப் ஆர்ஆர்டி டேட்டா' டிக்கை எடுக்காதே. அந்த டேட்டா வெறும் கிராஃப், ஃபைலைப் பெருக்கும். 'ஸ்கிப் பேக்கேஜஸ்'ல மட்டும் டிக் போட்டுடாதே.

2. 'என்க்ரிப்ஷன்' டிக் போட்டு பாஸ்வேர்டு கொடு. அந்த ஃபைலுக்குள்ள விபிஎன் சாவிகள் வரைக்கும் இருக்கு. அதைத் தூக்கி வாட்ஸ்அப் குரூப்புல போடுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபமா வரும். செய்யாதே. பாஸ்வேர்டை ஆபீஸ் சர்வருக்குள்ள மட்டும் வைக்கிறது, சாவியை உள்ளே வெச்சுட்டு வீட்டைப் பூட்டுற மாதிரி. நெட் இல்லாதப்பவும் கைக்கு எட்டுற இடத்துல ஒரு காப்பி வேணும்.

3. ரூல் மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்கிரேடுக்கு முன்னாடி ஒண்ணு எடு. ஃபைல் பேர்ல பிஎஃப்சென்ஸ் வெர்ஷனையும் எழுது. பழைய வெர்ஷன் ஃபைலைப் புதுசு ஏத்துக்கும். புது வெர்ஷன் ஃபைலைப் பழசுல போட்டா தகராறு.

4. 'அதான் கான்ஃபிக் ஹிஸ்டரி இருக்கே'ன்னு சொல்லாதே. நீயே தப்பா ஒரு ரூலை அழிச்சா, பழைய நிலைக்குத் திரும்ப அது அருமையான வழி. வெப் பக்கமே திறக்கலையா, கன்சோல் மெனுவுல 15-ஐ அழுத்து. ஆனா அது இருக்கிறது அதே டிஸ்க்குல. டிஸ்க் போனா அதுவும் சேர்ந்து போச்சு.

5. சோம்பேறிகளுக்கும் வழி இருக்கு: 'சர்வீசஸ்' மெனுவுல 'ஆட்டோ கான்ஃபிக் பேக்கப்'. இலவசம், உன் பெட்டியிலேயே பூட்டிட்டுத்தான் வெளியே அனுப்பும். அதோட டிவைஸ் கீயையும் பாஸ்வேர்டையும் தாள்ல எழுதி பீரோல வை. கீ தொலைஞ்சா பேக்கப் இருந்தும் பிரயோஜனமில்லை.

6. இப்ப ரெஸ்டோர். நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான், பொறுமையா படி. புதுப் பெட்டியில போர்ட் பேர் மாறலாம். பழசுல ஈஎம்0-ன்னு இருந்தது இதுல ஐஜிபி0-ன்னு இருக்கலாம். ஃபைல் சொல்ற போர்ட் இல்லைன்னா, எது வேன், எது லேன்னு பெட்டி உன்னையே கேட்கும். அதனால பெட்டி நல்லா இருக்கும்போதே ஒவ்வொரு கேபிள்லயும் சீட்டு ஒட்டி, போர்ட் பேரோட ஒரு போட்டோவும் எடுத்து வை. மானிட்டர், கீபோர்டு பக்கத்துல இருக்கட்டும். கன்சோல் மெனுவுல 1-ஐ அழுத்தினா போர்ட்டுகளை மறுபடி ஒதுக்கலாம்.

7. புதுசா இன்ஸ்டால் ஆன பெட்டியோட ஐபி 192.168.1.1. ஃபைலைப் போட்டதும் ரீபூட் ஆகி உன் பழைய ஐபிக்கு மாறிடும். 'பேஜ் வரலையே'ன்னு பதறி மறுபடி இன்ஸ்டால் பண்ண ஆரம்பிக்காதே, புது முகவரியில திறந்து பாரு. பேக்கேஜ் எல்லாம் இன்டர்நெட்ல இருந்துதான் இறங்கும். நடுவுல ஆஃப் பண்ணிடாதே. நெட்டே வரலையா, மோடத்தை அணைச்சுட்டுப் போடு. அப்பவும் வரலைன்னா இன்டர்நெட் கம்பெனிக்கு போன் பண்ணு. சில இடத்துல பழைய பெட்டியோட மேக் முகவரியைத்தான் பதிஞ்சு வெச்சிருப்பாங்க.

8. ஒத்திகை பார்க்காத பேக்கப்பை நம்பாதே. ஒரு பழைய பிசியிலயோ விர்ச்சுவல்பாக்ஸ்லயோ ஒருதடவை ரெஸ்டோர் பண்ணிப் பாரு. ஆபீஸ் நெட்வொர்க்குல மட்டும் அதைச் செருகாதே, ஒரே ஐபி ரெண்டு பெட்டிக்கு ஆகிடும். நீ கையால எழுதி வெச்ச ஸ்கிரிப்ட் எதுவும் அந்த எக்ஸ்எம்எல்ல வராதுன்னும் அப்பதான் தெரியும். அதைத் தனியா காப்பி எடு.

எல்லாம் எழுந்துட்டா, உள்ளேயிருந்து பிரௌசர் திறக்குதுன்னு கிளம்பிடாதே. போன்ல வைஃபையை அணைச்சுட்டு, மொபைல் டேட்டாவுல இருந்து விபிஎன் போட்டுப் பாரு. போர்ட் ஃபார்வர்டும் வெளியிலிருந்து வேலை செய்யணும். அதெல்லாம் சரியா வந்தா அந்த நிமிஷமே புது பேக்கப் ஒண்ணு எடு. போர்ட் பேர் மாறியிருந்தா பழைய ஃபைல் இந்தப் பெட்டிக்கு இனிமே அப்படியே பொருந்தாது.