வெங்காயத்தாளை வீசிடாதீங்க!



பல்லடம், பொங்கலூர், கிணத்துக்கடவு பக்கமெல்லாம் சின்ன வெங்காயம் நம்ம பயிர். பட்டறை போட்டு வைத்ததில் ஈரம் பட்டால் சிலது முளைத்துவிடும். "முளைச்சது எதுக்குங்க ஆகும்?" என்று குப்பையில் கொட்டுகிறோம். சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் வெங்காயத்தாளை அதிலிருந்தே வீட்டில் எடுக்கலாம்.

100 கிராம் தாளில் ஏறக்குறைய 19 மில்லிகிராம் வைட்டமின் சி, 70 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. காயில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கண்ணுக்கு நல்லதான வைட்டமின் ஏ தரும் சத்து பச்சைப் பகுதியில்தான் இருக்கிறது. நாமோ அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு வெள்ளைத் தண்டை மட்டும் நறுக்குகிறோம்!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. தாள் தின்றால் அது தீருமா? தீராது. இதில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். ஆனால் பயறு, ராகி, முருங்கைக்கீரையில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் அதிகம் எடுத்துக்கொள்ளும். தாளுடைய வேலை அதுதான். ஆஸ்பத்திரியில் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, டீ இரும்பைச் சேரவிடாது.

வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். அதனால் கழுவிய பிறகே நறுக்க வேண்டும். பச்சைப்பயறு கடைசல் செய்கிறோமே, பயறை வறுத்து, பூண்டு, சீரகம், பச்சைமிளகாய் போட்டு வேகவைத்துக் கடைந்து தாளித்த பின், அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு கைப்பிடி தாளைத் தூவி மூடுங்க. அந்தச் சூடே போதும். ராகிக்களிக்கு அருமையாக இருக்கும். குழந்தைகளுக்கு ராகி அடையிலோ முட்டைப் பொடிமாஸிலோ போட்டால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள்.

முளைத்த காயைப் பழைய சட்டியில் மண்ணும் மட்கிய எருவும் போட்டு ஊன்றுங்க. மூன்று நான்கு வாரத்தில் வெட்டலாம். அடியில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மருந்தில் நனைத்த விதைக்காயை இதற்கு எடுக்கவே கூடாது. இலைப்பேனுக்கு மருந்தடித்த வயலில் தாள் பறிப்பதும் ஆகாது.

இதய வால்வு ஆபரேஷன் ஆகி வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சேர்க்க வேண்டும். தாளில் வைட்டமின் கே அதிகம், அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.