வீதி விபத்தில் பிழை காணும் முறை

திருவாரூர் வீதியில் இளவரசன் ஊர்ந்த தேரின்கீழ் ஓர் ஆன்கன்று சிக்கி உயிர்நீத்த வரலாற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். மணியோசை கேட்ட சோழன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான் என்பதை நாம் வியந்து போற்றுகின்றோம். ஆயினும் அவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார், கன்று பிறர் காணாதபடி துள்ளிவந்து தேர்க்காலிடைப் புகுந்தது என்பதையும் மறையாது கூறியுள்ளார். தேர் எவ்வளவு விரைவாகச் சென்றது? கன்றைக் கண்டு தேரை நிறுத்த இடமிருந்ததா? இவ்வினாக்களை அரசன் எழுப்பவில்லை. தாய்ப்பசுவின் துயரொன்றே அவன் நெஞ்சில் நின்றது. அஃது அவனுக்குப் பெருமையே. எனினும் இக்காலத்து வீதிகளில் மோட்டார் வண்டியும் மிதிவண்டியும் மோதும்போது அவ்வினாக்களை எழுப்பாது தீர்ப்புக் கூறுதல் முறையாகுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதனை எழுத எம்மைத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகட்கு முன் ஒரு மாலைப்பொழுதில் எம் தெருமுனையில் ஒரு காரும் மிதிவண்டியும் மோதின. மிதிவண்டியில் வந்தவர் கால் முறிந்து கிடந்தார். நொடிப்பொழுதில் கூட்டம் கூடிற்று. குற்றம் கார்க்காரருடையதே என்று ஒருமுகமாய் முடிவு செய்தது. காவலர் வந்து வினவியபோது யாமும், "கார் மிக வேகமாக வந்தது" என்று கூறிவிட்டோம். இரவு படுக்கையிற் சாய்ந்தபின்னரே உண்மை எம்மைச் சுட்டது. யாம் ஓசையைக் கேட்டுத் திரும்பினோமேயன்றி மோதலைக் காணவில்லை! எம் அருகில் நின்ற மாணவர் ஒருவரோ, மிதிவண்டிக்காரர் பின்னே நோக்காமலும் கைகாட்டாமலும் வலப்புறம் திரும்பியதைத் தம் கண்ணாற் கண்டிருந்தார். கூட்டத்திற்கு அஞ்சி வாய்திறந்திலர். மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்று எம் சொல்லைத் திருத்தினோம்.

நிற்க. பிழை காண்பதற்கு முதற்படி, எதற்காகப் பிழையைத் தேடுகின்றோம் என அறிதல். ஒரே விபத்து இருவகை வழக்குகட்கு இடமாகும். ஓட்டியவரைத் தண்டிப்பது ஒன்று. ஊறுபட்டவருக்கு நஷ்டஈடு அளிப்பது மற்றொன்று. முன்னையது இந்தியாவில் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி நடைபெறுகின்றது. அங்கே ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்படல் வேண்டும். பின்னையது 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயத்தில் நிகழ்வது; அங்கே எப்பக்கத்துக் கூற்று நடந்திருக்கக் கூடியது என்று காட்டினாற் போதும். ஆகவே குற்ற வழக்கில் விடுதலை பெற்றவர் நஷ்டஈட்டு வழக்கிலும் தப்பிவிடுவார் என்பது இல்லை. தாழத் தொங்கிய மின்கம்பியிற் பேருந்து மோதிப் பலர் மாண்ட வழக்கில், நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு 1980 இல் இதனைத் தெளிவுறுத்தியது.

இரண்டாவது படி, சான்றுகளை ஆய்தல். மனிதர் நாவினும் வீதி உண்மை பேசும். வண்டியின் சக்கரங்கள் சுழலாது இறுகித் தேய்ந்த கரிய தடம் அவற்றுள் ஒன்று. நிறுத்தத்திற்கு வேண்டிய தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வெண்ணை 0.7 எனக் கொண்டால், 5 மீட்டர் தடம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தையும், 20 மீட்டர் தடம் 60 கிலோமீட்டர் வேகத்தையும் காட்டும். தடம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்கு என்க. எம் தெருமுனையிற் பழைய அக்காரின் தடத்தைக் காவலர் அளந்தபோது 20 மீட்டருக்குக் குறையவில்லை. அங்கே நடப்பட்டிருந்த பலகையோ 40 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது என்றது. யாம் கூறியது மெய்யாயிற்று. ஆயினும் அஃது எம் கண் தந்த மெய்யன்று. குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயை வீழ்த்தியது போன்றதே.

அவ்வாறாயின் பிழை யாருடையது? இருவருடையதுமே. இங்கேதான் சட்டம் நெடுங்காலம் இடர்ப்பட்டது. இங்கிலாந்தில் 1809 ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில், தன் வீட்டைப் பழுதுபார்க்க வீதியின் குறுக்கே ஒருவன் கழி இட்டான். குதிரையிற் கடுகி வந்த ஒருவன் அதில் மோதி வீழ்ந்தான். சற்றே கவனித்திருந்தால் கழியைக் கண்டிருக்கலாம் என்பதால் வீழ்ந்தவனுக்கு ஒரு காசும் கிட்டவில்லை. சிறு பிழையும் முழு உரிமையைப் போக்கிற்று! இக்கொடுமையைத் தணிக்க 1842 இல் ஒரு கழுதை உதவிற்று. முன்கால் தளையிட்டு வீதியில் விடப்பட்ட அக்கழுதையை விரைந்து வந்த வண்டி கொன்றது. கழுதையை அங்ஙனம் விட்டது பிழையேயெனினும், வண்டிக்காரன் இயன்ற கவனத்தோடு ஓட்டியிருந்தால் மோதலைத் தவிர்த்திருக்கலாம் ஆதலின் அவனே ஈடு செய்யக் கடவன் என்று தீர்ப்பாயிற்று. இதுவும் பிழை முழுவதையும் ஒருவர் தலையிலேயே சுமத்துவது. 1945 ஆம் ஆண்டுச் சட்டமே பிழையின் அளவிற்கேற்பப் பொறுப்பைப் பங்கிடும் நெறியை அந்நாட்டில் நிலைநாட்டிற்று.

இந்தியத் தீர்ப்பாயங்களும் இந்நெறியையே பின்பற்றுகின்றன. ஊறுபட்டவரின் இழப்பு 10 இலட்சம் ரூபாய் எனவும், அவர் பிழை நூற்றுக்கு 30 எனவும் கொண்டால், அவர் பெறுவது 7 இலட்சம். ஆயின் இரு வண்டிகளின் ஓட்டுநரும் பிழைசெய்ய, யாதொரு பிழையுமின்றி ஒன்றில் அமர்ந்து சென்றவர் ஊறுபட்டால், அவருடைய ஈடு குறைக்கப்படாது. இருவருள் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் அவர் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 இல் விளக்கியுள்ளது.

மூன்றாவது படி மிக நுட்பமானது. விதியை மீறியதும் விபத்தை விளைத்ததும் ஒன்றல்ல. உரிமம் இன்றி ஓட்டினார் என்பதனால் மட்டும் ஒருவர் விபத்திற்குப் பங்காளியாகார் என 2008 இலும், ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் சென்றனர் என்பதனால் மட்டும் அதிற் சென்றவரின் ஈட்டைக் குறைக்கலாகாது என 2020 இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மீறல் மோதலுக்கோ ஊறுக்கோ காரணமாயிற்றா என்பதே வினா. இதன் மறுபுறத்தை இங்கிலாந்தில் 1975 இல் டென்னிங் பிரபு காட்டினார். இருக்கைப் பட்டை அணியாதவர் மோதலை விளைத்திலர். ஆனால் தம் காயத்தைப் பெருக்கிக்கொண்டார். பட்டை காயத்தை முற்றும் தடுத்திருக்குமாயின் நூற்றுக்கு 25, பெரிதும் குறைத்திருக்குமாயின் 15 கழிக்கலாம். யாதொரு வேறுபாடும் செய்திராதாயின் எதுவும் கழிக்கலாகாது என்றார் அவர்.

இங்ஙனம் நிறுத்துப் பார்க்குங்கால், பெரிய வண்டியே எப்போதும் குற்றவாளி என்னும் தெருத்தீர்ப்பு நில்லாது. பின்னே வந்து மோதியவரே எப்போதும் குற்றவாளி என்பதும் அத்தகையதே. போதிய இடைவெளி விடுதல் பின்வருவோர் கடனேயாயினும், முன்சென்ற வண்டி காரணமின்றித் திடீரென நின்றதா என்பதும் ஆராயத்தக்கது.

பிழையை மெய்ப்பிக்க இயலாத ஏழையர் நிலை யாதோ எனின், அதற்கும் வழியுண்டு. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி வந்த 164 ஆம் பிரிவின்படி, எவர் பிழை என்று காட்டாமலே, உயிரிழப்பிற்கு 5 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 2½ இலட்சமும் கோரலாம். சோழன் தாய்ப்பசுவின் துயரை முன்வைத்ததன் சாயல் இச்சட்டத்தில் உள்ளது என்று கூறின் மிகையாகாது.

இறுதியாக, மாணவ நண்பர்காள்! நும்மில் வழக்கறிஞரும் நீதிபதியும் ஆவோர் சிலரே. ஆனால் வீதியில் நடவாதார் ஒருவரும் இலர். விபத்து நேர்ந்தவிடத்து முதலில் ஊறுபட்டவரை மருத்துவமனை சேர்ப்பியுங்கள். அங்ஙனம் உதவுவோரைப் பெயர் கூறுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று அதே திருத்தம் காப்பளித்துள்ளது. பின்னர், கண்டவற்றைக் கண்டபடி கூறுங்கள். கேட்டதைக் கேட்டது என்றே கூறுங்கள். காணாததைக் காணவில்லை என்று கூற நாணாதீர்கள். அன்று எம் மாணவர் வாய்திறவாதிருந்தால் கார்க்காரர் முழுப்பழியையும் சுமந்திருப்பார். தடம் அளக்கப்படாதிருந்தால் மிதிவண்டிக்காரர் தம் உரிமையை இழந்திருப்பார். யாம் காணாது கூறிய ஒரு சொல்லோ இருவருக்கும் பயன்படவில்லை. அதனை அன்றே கற்றுக்கொண்டோம். நீவிர் எம்மினும் முன்னரே கற்றுக்கொள்வீராக.