தண்ணீரில் வேன் ஓடுமா?

கேள்வி: பழைய டொல்பின் வேனுக்கு வீட்டில் செய்த ஹைட்ரஜன் கருவியைப் பாதுகாப்பாகப் பூட்டலாமா? டீசல் மிச்சமாகுமா?
– வாசகர், சவளக்கடை

பதில்: பூட்டாமல் விடுவதே பாதுகாப்பு.

2008இல் இலங்கையர் ஒருவர் 3 லீற்றர் தண்ணீரில் 300 கிலோமீற்றர் கார் ஓட்டியதாகச் சொல்லி, அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவுக்கே தன் கண்டுபிடிப்பைக் காட்டினார். அந்தக் கார் சந்தைக்கு வரவேயில்லை. அமெரிக்காவில் ஸ்டான்லி மேயரின் தண்ணீர்க் கார் மோசடி என்று 1996இல் ஒஹாயோ நீதிமன்றம் தீர்ப்பளித்து, இரு முதலீட்டாளர்களின் 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

நீங்கள் கேட்கும் கருவி, மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிறது. அந்த மின்சாரத்தை எஞ்சின்தான் டீசலை எரித்து உண்டாக்குகிறது. வழியெல்லாம் சக்தி வீணாகி, கொடுத்ததைவிடக் குறைவாகவே திரும்பி வரும்.

ஆபத்துத்தான் பெரிது. காற்றில் 4 முதல் 75 வீதம் வரை கலந்தால் ஹைட்ரஜன் பற்றும். கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும். இந்தக் கருவியில் ஒட்சிசனும் கூடவே வருவதால், தீ பின்னோக்கிப் பாய்ந்தால் கருவியின் குழாயும் தண்ணீர்ப் போத்தலும் வெடிக்கும். டொல்பினில் எஞ்சின் இருப்பது முன் இருக்கைக்கு அடியில். கசிவோ வெடிப்போ, முதலில் சாரதியைத்தான் தாக்கும்.

ஏற்கெனவே பூட்டியவர்கள், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, கருவியைத் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு கழற்றட்டும். உள்ளே காரக் கரைசல் இருக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அந்தக் காசில் இன்ஜெக்டரைச் சோதித்து, எயார் ஃபில்டரை மாற்றி, டயருக்குச் சரியாகக் காற்றடித்தால் டீசல் உண்மையாகவே மிஞ்சும்.