கம்பெனிப் பணத்தில் ஏரி தூர்வாரும்போது

வடக்கனந்தல் வட்டாரத்தில் கோமுகி அணைத் தண்ணீர் எல்லா நிலத்துக்கும் எட்டுவதில்லை. ஏரியையும் கிணற்றையும் நம்பி மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு வைப்போர் பலர். கல்வராயன் மலையில் பெய்யும் மழையோ தண்ணீரோடு மண்ணையும் அடித்து வந்து ஏரியை மேடாக்கிவிடுகிறது. தூர்வார ஊரில் பணம் இல்லை. கம்பெனிகள் கொடுக்குமா?

கொடுக்கும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. பெரிய கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலப் பணிக்குச் செலவிட வேண்டும். மண், நீர் பாதுகாப்பும் கல்வியும் இதில் அடங்கும். ஆனால், தொழில் நடக்கும் பகுதிக்கே முன்னுரிமை என்கிறது சட்டம். நம் பக்கத்து மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகள் கூட்டுறவு ஆலைகள். இச்சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆகவே தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் நாம் முயல வேண்டும். டி.வி.எஸ். குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996 முதல் கிராமங்களில் பணி செய்கிறது. 2007இல் சென்னையில் தொடங்கிய இந்தியச் சூழலியலாளர் அறக்கட்டளை, கம்பெனிகளின் உதவியுடன் ஏரி குளங்களைச் சீர்படுத்தி வருகிறது.

பணம் வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. 'பொக்லைன்' வந்து இறங்குமுன் ஆயக்கட்டுதாரர்கள் கூடிப் பேசிவிட வேண்டும். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. சிறியவை உள்ளாட்சி வசம் உள்ளவை. உரியவரின் அனுமதி இல்லாமல் கை வைக்கலாகாது.

எங்கே வெட்டுவது என்பதில்தான் தவறு அதிகம். கரையின் அடியை ஒட்டி வெட்டினால் கரை சரியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது. கிணறுகளுக்கு ஊற்றாகலாம், மாடு குடிக்கலாம், அவ்வளவே. அதைவிட, தூர்ந்த வரத்து வாய்க்காலைத் திறப்பதும், ஒழுகும் மதகைச் சரிசெய்வதும், கலிங்கலைக் கவனிப்பதும் பாசனத்துக்கு உடனே பலன் தரும். இவை புகைப்படத்துக்கு அழகாக இருப்பதில்லை. அதனால் மதிப்பீட்டில் விடுபடுகின்றன. எழுதச் சொல்லிக் கேளுங்கள். சீமைக் கருவேலை வேரோடு பிடுங்க வேண்டும், வெட்டினால் தழைக்கும்.

அடுத்தது வண்டல். இதைச் செங்கல் சூளைக்கு விட்டுவிடாதீர்கள். 2017இல் திருத்தப்பட்ட சிறுகனிம விதிப்படி, அறிவிக்கப்பட்ட ஏரிகளிலிருந்து விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம். நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், அதாவது சுமார் 26 யூனிட். புன்செய்க்கு 90 கனமீட்டர், சுமார் 32 யூனிட். வட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். சரளை கலந்த செம்மண் காட்டுக்கு இது நல்ல மருந்து, ஈரம் நிற்கும். களிமண் நிலத்துக்கு வேண்டாம். உவர் இருக்கிறதா என்று மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துவிட்டு, கோடையில் பரப்பி, காயவிட்டுக் கட்டிகளை உடைத்து உழவும்.

ஏரி வேலையோடு பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வியும் நடத்துவதாகக் கம்பெனிகள் சொல்வதுண்டு. பெரும்பாலும் ஓவியப் போட்டியோடும் ஊர்வலத்தோடும் அது முடிந்துவிடும். அதற்குப் பதில் ஒரு மழைமானியும், கிணற்று மட்டம் அளக்க நாடாவும், ஒரு நோட்டும் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். பிள்ளைகள் தினமும் மழையையும், 15 நாளுக்கு ஒரு முறை நாலைந்து கிணறுகளையும் அளந்து பள்ளிச் சுவரில் எழுதட்டும். ஆந்திராவின் 7 வறட்சி மாவட்டங்களில் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு விவசாயிகளே இப்படி அளந்து, இருக்கும் தண்ணீருக்கு ஏற்பப் பயிரைத் தீர்மானித்தார்கள். கரும்பா, மக்காச்சோளமா என்று கார்த்திகையில் தடுமாறும் நமக்கு அந்தக் கணக்கு உதவும்.

இன்னொன்று. கம்பெனியின் பல்லாண்டுத் திட்டம், தொடங்கிய ஆண்டை விட்டு 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நான்காம் மழைக்கு வாய்க்காலில் அடைபடும் மண்ணை எடுக்க யாரும் வரமாட்டார்கள். எனவே ஏக்கருக்கு எவ்வளவு வரி, மதகைத் திறப்பவர் யார், அவருக்குக் கூலி என்ன என்பதை வேலை தொடங்கும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வரத்து வாய்க்காலை ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் செதுக்கி முடிப்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.