மூன்றாவதாய் வந்தவனின் சந்தோஷம்

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: கலாத்தியர் 5:7-10; 2 தீமோத்தேயு 4:6-18; எபிரெயர் 12:1-3





விசுவாச ஜீவியத்தை வேதம் பல இடங்களில் ஓட்டத்திற்கு ஒப்பிடுகிறது. ஓட்டம் என்றாலே ஜெயம், கிரீடம் என்று பிரசங்கம் கேட்கிறோம், ‘ஆமென்’ சொல்லுகிறோம். நல்லதுதான். ஆனால் நம் நடுவில் உட்கார்ந்திருக்கிற அநேகர், தாங்கள் எதிர்பார்த்த இடத்திற்கு வந்து சேராதவர்கள். ‘பையனுக்கு வேலை கிடைக்கணும்னு மூணு வருஷம் உபவாசம் இருந்தேன், இன்னும் கிடைக்கலையே’ என்கிற தாயார் உண்டு. ஊழியத்தில் வைராக்கியமாய்ப் புறப்பட்டு, பாதி வழியில் யாரோ ஒருவர் செய்த காரியத்தினால் மனம் உடைந்து, இன்று கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற சகோதரனும் உண்டு. சபைக்கு வருவதையே விட்டுவிட்டவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்காகவே இந்தப் பாடம்.

ஏதென்ஸ் பட்டணத்தில் நடந்தது

2004-ம் வருஷம் ஆகஸ்ட் 29-ம் தேதி, ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் நடந்தது. தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். மாரத்தான் என்ற ஊரில் துவங்கி, 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த அதே பளிங்கு மைதானத்தில் முடிகிற ஓட்டம். பிரேசில் தேசத்து வாண்டர்லெய் டி லிமா என்பவர் எல்லாரையும் முந்திக்கொண்டு தனியாய் ஓடிக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய 35-வது கிலோமீட்டரில், வேடிக்கை பார்க்கிறவர்கள் நடுவிலிருந்து ஒரு மனிதன் திடீரென்று சாலைக்குள் பாய்ந்து, அவரைக் கட்டிப்பிடித்து ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அங்கே நின்ற ஒரு கிரேக்கர் ஓடிவந்து அவரை விடுவித்தார். டி லிமா மறுபடியும் ஓடத் துவங்கினார். ஆனாலும் ஓட்டத்தின் சீர் கலைந்துபோயிற்று. இத்தாலியின் பால்டினியும் அமெரிக்காவின் கெஃப்லெசிகியும் அவரைக் கடந்துபோனார்கள். பால்டினி 2 மணி 10 நிமிடம் 55 வினாடியில் முதலாவது வந்தார். டி லிமா 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மூன்றாவதாய் வந்தார்.

தங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது; கிடைத்ததோ வெண்கலம். ஆனால் அவர் மைதானத்திற்குள் எப்படி வந்தார் தெரியுமா? இரண்டு கைகளையும் செட்டைகளைப்போல விரித்துக்கொண்டு, ஜனங்களைப் பார்த்து முத்தங்களைப் பறக்கவிட்டு, சிரித்த முகத்தோடு வந்தார்!

இதிலிருந்து சில சத்தியங்களைத் தியானிப்போம்.

1. தடை எந்த வேஷத்திலும் வரலாம்

டி லிமாவைத் தள்ளின அந்த மனிதன் தன் முதுகில் ஒரு தாளை ஒட்டியிருந்தான். அதில் எழுதியிருந்தது என்ன? வேதத்தின் தீர்க்கதரிசனத்தைப் பற்றியும் ஆண்டவருடைய இரண்டாம் வருகையைப் பற்றியும்! வாயில் வருகையின் செய்தி. கையிலோ ஓடுகிறவனைத் தள்ளுகிற செயல்.

கலாத்தியரைத் தடைசெய்தவர்களும் விக்கிரகாராதனைக்காரர் அல்ல. வேதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களே. அதனால்தான் பவுல், நன்றாய் ஓடின உங்களை மறித்தது யார் என்று அத்தனை வேதனையோடு கேட்கிறார் (கலா. 5:7). வெளியாள் அடித்தால் தாங்கிக்கொள்வோம். ‘ஜெபிக்கிற மனுஷனே இப்படிச் செய்தாரே’ என்பதுதான் ஆறாத காயம். அது உண்மையான காயம் என்று வேதமே ஒப்புக்கொள்ளுகிறது. ஆனால் முதுகில் வசனம் ஒட்டியிருந்ததினாலே அவன் செய்தது வசனத்தின் கிரியை ஆகிவிடாது. அந்த மனிதனுக்காக ஆண்டவரை விட்டுவிடாதிருங்கள்.

2. தள்ளினவனோடு நின்றுவிடாதிருங்கள்

டி லிமா அங்கேயே நின்று சண்டை போட்டிருந்தால் யார் குற்றம் சொல்லக்கூடும்? நியாயம் அவர் பக்கம். ஆனால் நியாயம் நம் பக்கம் இருக்கும்போதே நம் ஓட்டம் நின்றுபோகக் கூடும். அநேக விசுவாசிகள் அந்த 35-வது கிலோமீட்டரிலேயே பத்து வருஷமாய் நிற்கிறார்கள். எந்தக் கூட்டத்தில் யாரைச் சந்தித்தாலும் அதே பேச்சு: ‘அன்னைக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா?’

அநியாயத்தைக் கேட்கவே கூடாது என்பதல்ல. ஓட்டம் முடிந்தபின் டி லிமாவுக்காகப் பிரேசில் நாட்டார் முறையீடு செய்தார்கள், தங்கம் கொடுக்கப்படவில்லை. பவுலும் இராயனுக்கு அபயமிட்டார் (அப். 25:11). மூப்பர்களிடம் சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள். தீர்ப்பு வரும்வரைக்கும் ஓட்டத்தை நிறுத்திவைக்காதிருங்கள், அவ்வளவுதான். கன்னானாகிய அலெக்சந்தர் தனக்கு மிகுந்த தீமை செய்ததைப் பவுல் மறைக்கவில்லை. தீமோத்தேயுவை எச்சரித்தார், கணக்கைக் கர்த்தரிடம் ஒப்படைத்தார், தன் வேலையைத் தொடர்ந்தார் (2 தீமோ. 4:14-17).

3. ‘அது மட்டும் நடக்காதிருந்தால்’ என்னும் கண்ணி

அந்தத் தடை இல்லாதிருந்தால் டி லிமா தங்கம் வென்றிருப்பார் என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பின்னால் வந்தவர்கள் ஏற்கெனவே நெருங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. நடக்காத ஓட்டத்தின் முடிவை ஒருவனும் அறியான். ‘அவர் மட்டும் என்னைத் தடுக்காதிருந்தா, நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன்’ என்று சொல்லிச் சொல்லி, இன்று ஓடவேண்டிய தூரத்தை இழந்துபோகிறோம். பின்னானவைகளைத் திரும்பிப் பாராமல் முன்னானதை நாடுவதே பவுலின் வழக்கம் (பிலி. 3:13).

4. நினைத்தது வேறு, முடித்தது வேறு

சிலர், ‘நீங்க நினைச்சது நடக்கலைன்னா உங்களுக்கு விசுவாசம் பத்தலை’ என்று சொல்லிவிடுகிறார்கள். பிரியமானவர்களே, அப்போஸ்தலனைப் பாருங்கள். இதே ஏதென்ஸ் பட்டணத்தில் அவர் பிரசங்கித்தபோது சிலர் பரிகசித்தார்கள், சிலர் பிறகு கேட்போம் என்றார்கள், விசுவாசித்தவர்கள் சிலரே (அப். 17:32-34). ஸ்பானியா தேசம்வரை போகவேண்டும் என்பது அவர் வாஞ்சை (ரோமர் 15:24). ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் முடிகிறபோது அவர் ரோமாபுரியில் காவலில் இருக்கிறார். ஸ்பானியாவுக்குப் போனதாக வேதத்தில் எங்கும் இல்லை. விசுவாசம் குறைவா? ஒருக்காலும் இல்லை! அவர் கடைசியில் கணக்கு ஒப்புவிக்கும்போது, எத்தனை பட்டணம் பிடித்தேன் என்று எண்ணவில்லை. ஓடி முடித்ததையும் விசுவாசத்தைக் காத்துக்கொண்டதையுமே சொல்லுகிறார் (2 தீமோ. 4:7).

5. அவரவருக்கு உரிய கிரீடம்

ஏதென்சில் ஜெயித்தவர்கள் தலையில் ஒலிவ இலைக் கிரீடம் சூட்டினார்கள். இலை வாடும். டி லிமாவுக்கு வெண்கலத்தோடு, விளையாட்டின் நற்பண்புக்கென்று பியர் டி கூபர்டின் பதக்கமும் கொடுக்கப்பட்டது. பிற்பாடு கடற்கரை வாலிபாலில் தங்கம் வென்ற இமானுவேல் என்ற பிரேசில் வீரர் தன் தங்கத்தையே அவருக்குக் கொடுக்க முன்வந்தார். தன் வெண்கலமே தனக்குப் போதும் என்று டி லிமா அதை வாங்கவில்லை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கின் தீபத்தை ஏற்றும் சிலாக்கியமும் அவருக்கே கிடைத்தது. இடையில் பன்னிரண்டு வருஷங்கள்! அப்படி ஒரு நாள் வரும் என்று அறியாமலேதான் அவர் 2004-ல் சிரித்துக்கொண்டு ஓடி முடித்தார்.

நமக்கு இப்பூமியிலேயே அப்படி ஒரு நாள் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் வேதம் இதைச் சொல்லுகிறது: உலக ஓட்டத்தில் பந்தயம் ஒருவனுக்கே (1 கொரி. 9:24). நீதியின் கிரீடமோ பவுலுக்கு மாத்திரமல்ல, கர்த்தர் பிரசன்னமாவதை விரும்புகிற யாவருக்கும் உண்டு (2 தீமோ. 4:8). அங்கே ஒருவர் பெறுவதால் இன்னொருவர் இழப்பதில்லை. அல்லேலூயா!

ஆகையால் நின்றுபோன சகோதரனே, சகோதரியே, எழுந்திரு. வேகமாய் ஓட முடியாவிட்டால் மெதுவாய் ஓடு. உன் கண் முந்திப்போனவர்கள்மேலும் வேண்டாம், தள்ளினவன்மேலும் வேண்டாம். சிலுவையைச் சகித்த இயேசுவின்மேல் இருக்கட்டும்.

வீட்டுக் கூட்டங்களில் சிந்திக்க:

1. என் ஓட்டம் எந்த இடத்தில், யாரால் தடைப்பட்டது? இன்னும் அங்கேயே நிற்கிறேனா?

2. தள்ளினவன் ஒருவன், ஓடிவந்து விடுவித்தவன் ஒருவன். சபையில் நான் யார்?

3. வராமல் நின்றுபோன ஒருவரை இந்த வாரத்தில் வீட்டிற்குப் போய்ச் சந்திப்பேனா?

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நான் நினைத்தது நடவாதபோதும் நீர் என்னைக் கைவிடவில்லை. என்னைத் தள்ளினவர்களை உம்முடைய கரத்தில் விடுகிறேன். நான் யாரையாவது தள்ளியிருந்தால் எனக்கு உணர்த்தும். மீதியான தூரத்தைச் சந்தோஷமாய் ஓடி முடிக்கப் பரிசுத்த ஆவியானவரின் பெலனைத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

மாரநாதா!