பழைய யெஸ்டிக்குக் கரண்ட் தேடி

புனேவிலிருந்து நகர் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வந்தால் ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் ஒரு பக்கம், பெரிய தொழிற்பேட்டை இன்னொரு பக்கம். பிழைப்புக்காக இங்கே வந்து சேர்ந்த தமிழர்களில் நானும் ஒருவன். அப்பா ஓட்டிய 1974ஆம் வருடத்து யெஸ்டி 250-ஐக் கோவையிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். முதல் மழைக்காலத்திலேயே அது நின்றுவிட்டது.

“கரண்ட் வரல” என்றார் மெக்கானிக். முதலில் பாயிண்ட் மாற்றினோம், பிறகு கண்டென்சர், அதன்பின் காயில். ஒவ்வொன்றுக்கும் புனே நானா பேட்டையின் ஸ்பேர் கடைகளுக்கு ஒரு நடை. வண்டி இரண்டு நாள் ஓடும், மறுபடி நிற்கும். கடைசியில் பார்த்தால், இக்னிஷன் சுவிட்சின் பின்னால் ஒரு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்ததில் சரியாகிவிட்டது. நான் வாங்கி வந்த மூன்று பொருளும் வண்டிக்குத் தேவையே இல்லாதவை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் அலைகிறார்கள். பொருள் கிடைப்பதில்லை என்பதைவிட, எந்தப் பொருள் வேண்டும் என்று தெரியாமலே தேடப் புறப்படுவதுதான் பெரிய கஷ்டம். அந்த அலைச்சலுக்குக் காரணமான சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“கம்பெனியே மூடிட்டான், இனி ஸ்பேர் ஏது?”

மைசூரில் 1961இல் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது உண்மை. முதலில் ஜாவா என்றும், 1973 முதல் யெஸ்டி என்றும் அங்கிருந்து வண்டிகள் வந்தன. ஆனால் ஒரு தொழிற்சாலை மூடியதால் அந்த வண்டியின் இக்னிஷன் பொருள்கள் உலகத்திலிருந்து மறைந்துவிடுவதில்லை. கண்டென்சரும் காயிலும் அந்த வண்டிக்கென்றே பிறந்த பொருள்கள் அல்ல. பேட்டரியும் பாயிண்ட்டும் வைத்து ஓடிய பெட்ரோல் வண்டிகள் எல்லாவற்றிலும் அவை ஒரே வேலையைத்தான் செய்தன. பாயிண்ட் செட் மட்டும் அந்தந்த மாடலின் தட்டுக்கு ஏற்ற வடிவத்தில் இருக்கவேண்டும். அதைச் சிறிய தயாரிப்பாளர்கள் இன்றும் செய்து விற்கிறார்கள்.

கடையில் போய் “யெஸ்டி கண்டென்சர் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். “0.2 மைக்ரோ ஃபாரட், பாயிண்ட் வண்டிக்குப் போடுறது, ஒத்தை ஒயர்” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஏணி போட்டு மேல்தட்டில் கை வைப்பார். இந்த வகைக் கண்டென்சர்கள் பெரும்பாலும் 0.18 முதல் 0.25 மைக்ரோ ஃபாரட் வரைதான் இருக்கும். பழைய அம்பாசிடர் அல்லது பத்மினி காருக்கு வந்த கண்டென்சர்கூட, அளவு ஒத்துவந்து பிடிமானம் சரியாக இருந்தால், மோட்டார் சைக்கிளில் வேலை செய்யும். உள்ளே இடம் போதாவிட்டால் வெளியே, எஞ்சின் சூடு படாத இடத்தில், எர்த் நன்றாகக் கிடைக்கும்படி மாட்டலாம். சூடுதான் அதன் முதல் எதிரி என்பதால், வெளியே இருப்பது அதற்கு நல்லதும்கூட.

புதிய ஷோரூமில் கேட்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2018 நவம்பரில் ஜாவாவும் 2022 ஜனவரியில் யெஸ்டியும் கிளாசிக் லெஜெண்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் திரும்பி வந்தன. பெயர் மட்டும்தான் பழையது. அவை தண்ணீரால் குளிரும், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். நம் டூ ஸ்ட்ரோக்கின் இக்னிஷனுக்கு அங்கே எதுவும் பொருந்தாது.

“ஆறு வோல்ட் வண்டிக்கு ஸ்பார்க் எப்பவுமே வீக்தான்.”

இதை நானும் பல வருடம் நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபிறகே விட்டேன். ஆறு வோல்ட் காயிலின் பிரைமரி சுற்றில் ஏறத்தாழ 1.5 ஓம் தடை இருக்கும், பன்னிரண்டு வோல்ட் காயிலில் ஏறத்தாழ 3 ஓம். ஆறை ஒன்றரையால் வகுத்தாலும் பன்னிரண்டை மூன்றால் வகுத்தாலும் நாலு ஆம்பியர்தான். காயிலுக்குள் ஓடும் மின்னோட்டம் ஒன்றே என்றால் ஸ்பார்க் மட்டும் எப்படி இளைக்கும்?

இளைப்பது வழியில். ஆறு வோல்ட் வண்டியில் ஒயரும் சுவிட்சும் சேர்ந்து அரை வோல்ட் தின்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. பன்னிரண்டு வோல்ட் வண்டியில் அதே அரை வோல்ட் இருபத்துநாலில் ஒரு பங்குதான். அதோடு, காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். என் வண்டியில் பேட்டரியில் 6.2 வோல்ட், காயில் முனையில் 5.1 வோல்ட் இருந்தது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் ஸ்பார்க்கின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பச்சைக் களிம்பிலேயே கரைந்துகொண்டிருந்தது.

ஆகவே எதையும் வாங்கும் முன், பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனைப் போட்டு, காயில் முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். மூடியிருந்தால்தான் மின்னோட்டம் ஓடும், இழப்பும் தெரியும். பாயிண்ட் திறந்திருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும். காயில் சூடாகும், அதனால் சில நொடிகளில் அளந்து அணைத்துவிடவேண்டும். காயிலின் தடையை அளக்கும்போது மீட்டர் ஒயரின் தடை 0.2, 0.3 ஓம் கூடவே சேர்ந்து வரும், இரண்டு முனையையும் ஒட்டிப் பார்த்து அதைக் கழித்துவிடுங்கள்.

காயிலை மட்டும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினால் ஸ்பார்க் பலமாகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் காயிலைப் போட்டால் மின்னோட்டம் பாதியாகும். வர்க்கக் கணக்கில் ஆற்றல் கால் பங்குக்கு இறங்கிவிடும்.

“பழைய ஸ்டாக் கிடைச்சா அதுதான் தங்கம்.”

பாதி சரி. பிரிக்காத பெட்டியில் பாயிண்ட் செட் கிடைத்தால் வாங்கலாம். மெக்கானிக்குகள் அதைப் பிளாட்டினம் என்று சொன்னாலும், தொட்டு விலகும் அந்தப் பொட்டு பெரும்பாலும் டங்ஸ்டன். நாற்பது வருடம் அலமாரியில் இருந்தாலும் பெரிதாகக் கெடாது, மேலே படிந்ததைத் துடைத்தால் போதும். கண்டென்சர் அப்படியல்ல. பழையவை மெழுகோ எண்ணெயோ ஊறிய காகிதத்தைச் சுருட்டிச் செய்தவை. வண்டியில் ஏறாமல், பெட்டியை விட்டே வெளியே வராமல் இருந்தாலும் அவற்றுக்குள் ஈரம் புகுந்துவிடும். இன்றைய பிளாஸ்டிக் படலக் கண்டென்சர்தான் நம்பகமானது. பழைய பெட்டி மீது எனக்கும் ஆசை உண்டு. ஆனாலும் கண்டென்சர் விஷயத்தில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

பெட்டியைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. மைக்கோ என்று நாம் அழைத்த பெங்களூர் நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மங்காத மையோடு, மடிப்புக் கலையாத மைக்கோ பிளக் பெட்டி ஒன்றை யாராவது நீட்டினால், விலை பேசுவதற்கு முன் பிளக்கை வெளியே எடுத்து மரையையும் எழுத்தையும் பாருங்கள்.

“மீட்டர்ல கண்டென்சர் ஓகே காட்டுது.”

மீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கிறது. ஓடும் வண்டியில் பாயிண்ட் விலகும் கணத்தில் கண்டென்சர் சில நூறு வோல்ட்டைத் தாங்கவேண்டும், அதுவும் எஞ்சின் சூட்டில். காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுத்துப் பாயிண்ட் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைக் கண்டென்சர் வாங்கிக்கொண்டால்தான் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கும். எனவே மீட்டர் கெட்டது என்று சொன்னால் நம்பலாம், நல்லது என்று சொன்னால் முழுதாக நம்பமுடியாது. பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டு, நல்லதென்று தெரிந்த ஒன்றை வெளியே கட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. வண்டி சூடாகி நின்று, ஆறியதும் ஓடினால் கண்டென்சர்தான் என்று முடிவு கட்டிவிடவேண்டாம், காயிலும் இதே குணத்தைக் காட்டும்.

புதுப் பாயிண்ட் போட்டும் ஸ்பார்க் வரவில்லை, டூப்ளிகேட் என்று திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துருப்பிடிக்காமல் இருக்கப் புதுப் பாயிண்ட்டில் எண்ணெய்ப் படலம் இருக்கும். பெட்ரோல் தொட்ட சுத்தமான துணியால் அதைத் துடைக்கவேண்டும். உப்புத்தாள் சுவிட்ச் முனைக்குச் சரி, பாயிண்ட்டுக்கு ஆகாது. அதன் மணல் துகள் பொட்டில் பதிந்துகொண்டு தொடர்பைக் கெடுக்கும். மெல்லிய அரம் போதும்.

வின்டேஜ் பதிவைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் கடந்த வண்டிகள் இந்தப் பிரிவில் வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது அந்த விதி. புதுப் பாயிண்ட்டும் கண்டென்சரும் போட்டதற்காக யாரும் பயப்படவேண்டியதில்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றலாமா என்றால், தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல வழி. ஜாவாவுக்கென்றே செக் நாட்டு வேப் நிறுவனம் முழு செட்டாகச் செய்கிறது. ஆனால் கழற்றிய பழைய பாகங்களைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

உண்மையிலேயே எந்தக் கடையிலும் கிடைக்காதது ஒன்று உண்டு. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.4 மில்லிமீட்டருக்குச் சரியாக வைக்கிறீர்கள். கிக்கரை நாலு முறை மிதித்துவிட்டு அளந்தால் வேறு அளவு. பாயிண்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது. யெஸ்டியில் கிராங்கின் முனையிலேயே ரோட்டரும் கேமும் உட்கார்ந்திருக்கின்றன, மெயின் பேரிங் தேய்ந்தால் கேம் ஆடும். பழைய புல்லட்டில் டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டின் புஷ் தேய்ந்தால் இதே கதை. பேரிங்கை நம்பர் சொல்லி வாங்கிவிடலாம். புஷ்ஷைக் கடைசல் பிடித்துத்தான் ஆகவேண்டும். அதற்கு ரஞ்சன்காவைவிட வசதியான ஊர் எது? பேட்டையைச் சுற்றி லேத் பட்டறைகள் இருக்கின்றன. தண்டைக் கழற்றி எடுத்துப் போங்கள், மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் அது எந்த வண்டியுடையது என்று சொல்லவேண்டிய அவசியமே வராது.